காற்றுப் படாத சேறு

பெட்டியைத் திறந்ததுமே வாடை வந்துவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் தெருவில் நிற்குமே, அந்தக் கந்தக வாடை. கூடவே ஈரச்சுவர் நெடி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள விட்பி கடற்கரையிலிருந்து ஆறு மாதத்துக்கு முன் நான் முதுகில் சுமந்து மேடேற்றிக் கொண்டுவந்த கல் மாதிரிகள் அந்தப் பெட்டியில் இருந்தன. மொத்தம் 112 பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு: எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம், என்ன தேதி.

அதில் 31 சீட்டுகளைக் காணோம். அவை இருந்த இடத்தில், தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்கிற பழுப்புத் தூள் கிடந்தது. கல்லும் பழைய கல்லாக இல்லை. கன்னங்கரேலென்று, உளியை வைத்தால் கூட யோசித்துத்தான் இடம் கொடுத்த துண்டுகள் ஏடு ஏடாகப் பிரிந்து, மேலெல்லாம் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாக உப்புப் பூத்திருந்தன. மற்ற 81 பைகளுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போனவை அத்தனையும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தவை. அந்த அடுக்குக்காகத்தான் நான் அங்கே போனதே.

ஆய்வகத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான், கெட்டது எப்படிக் கெட்டது என்று புரிந்தது. புரிந்த பிறகு அந்தப் பாறையை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

எனக்கு ஊர் அரியலூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். கல்லூரியில் நிலவியல் எடுத்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் அப்பாவின் லாரி கேபினில் எப்போதும் ஒரு அம்மோனைட் கிடக்கும், கல்லாகிப்போன பழங்காலக் கடல் உயிரியின் ஓடு, சுருண்ட கொம்பு மாதிரி. அவர் அதை நத்தைக்கல் என்பார். பிறகு மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் வடபகுதிக்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள் யார்க்‌ஷயர் கடற்கரையின் கறுப்பு ஷேல்.

ஷேல் என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு எரிவாயுவும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஷேல் எரிவாயுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. காவிரிப் படுகையின் ஆழத்தில் எண்ணெய்க்குத் தாய்ப்பாறையாக இருப்பவற்றில் ஒன்றுக்கு ஆண்டிமடம் என்று பெயர். ஆண்டிமடம் எங்கள் மாவட்டத்து ஊர், எத்தனையோ தடவை அங்கே பஸ் மாறியிருக்கிறேன். அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு காலுக்கு அடியில் வெகு ஆழத்தில் ஒரு பாறை கிடக்கிறது என்பதை, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கறுப்பு ஷேல் என்றால் என்ன என்று அப்பா போனில் கேட்டபோது, ஏரி தூர் வாருவதை வைத்துத்தான் சொன்னேன். கோடையில் எங்கள் ஊர் ஏரியில் வண்டல் அள்ளி டிராக்டரில் வயலுக்கு அடிப்பார்கள். மேல்மண் பழுப்பாக இருக்கும், வெடித்திருக்கும். இரண்டடி தோண்டினால் கறுப்புச் சேறு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதற்குள் எப்போதோ விழுந்த புளிய இலையோ, வேலங்குச்சியோ நரம்புகூடக் கெடாமல் இருக்கும். அந்தச் சேற்றை வரப்பில் போட்டுவிட்டு நாலு நாள் கழித்துப் பார்த்தால் கறுப்பு போய்ப் பழுப்பாகியிருக்கும்.

“ஆமா பாப்பா, வெயில்ல வெளுத்துடும்” என்றார்.

வெயில் இல்லை, காற்று. இலை மக்க வேண்டுமென்றால் அதைத் தின்கிற நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஏரியின் அடிச்சேற்றில் அது கிடையாது. ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த வேறு வகை நுண்ணுயிர்கள் அங்கே இருக்கும். அவை நீரிலுள்ள சல்ஃபேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக விடும். முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. கறுப்பில் ஒரு பங்கு அதனால், மறுபங்கு மக்காமல் நின்றுபோன இலை தழையின் கரிமத்தால். இதே காரியம் ஒரு கடலின் அடியில், மாவட்டம் மாவட்டமாக, லட்சக்கணக்கான வருடம் நடந்து, மேலே வண்டல் ஏறி ஏறி அழுத்திக் கல்லானால் அதுதான் கறுப்பு ஷேல்.

யார்க்‌ஷயரில் அந்தச் சேறு படிந்தது சுமார் 18 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில். இந்தப் பாறைத் தொகுதிக்கு விட்பி மண்பாறை என்று பெயர். அடியில் கிரே ஷேல், அதற்கு மேல் மல்கிரேவ் ஷேல், அதற்கு மேல் அலும் ஷேல். மல்கிரேவின் அடிப்பகுதிதான் ஜெட் ராக் எனப்படும் கறுப்பின் உச்சம். சில அடுக்குகளில் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல் கரிமம்.

நான் வேலை செய்தது போர்ட் மல்கிரேவில். இரும்புத் தாது ஏற்றுவதற்காக 1850களில் கட்டிய துறைமுகம் அங்கே இடிந்து கிடக்கிறது. மேட்டிலிருந்து இறங்குகிற பாதை சரிந்து சரிந்து பாதையாகவே இல்லை. மழை பெய்திருந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் தேய இறங்க வேண்டும். அந்தக் கடலில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். வற்றும்போது தண்ணீரின் பின்னாலேயே நடந்து போய், ஏறத் தொடங்கும்போது அதற்கு முன்னாலேயே நடந்து திரும்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு, நாலரை மணி நேரம்தான் வேலை. குன்றின் அடியில் நிற்கும்போது தலைக்கு மேல் சரசரவென்று சின்னச் சத்தம் கேட்கும். எங்கோ ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. கேட்ட மாத்திரத்தில் விலகிவிட வேண்டும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

வேலை என்பது வாசிப்புதான். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அடியிலிருந்து மேலே போக வேண்டும். கிரே ஷேலில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புழுக்கள் துளைத்த வளைகள் தெரியும். சாம்பல் நிறக் களிமண்ணில் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் சின்னச் சின்னக் கிறுக்கல்கள். கடல் தரையில் உயிர் நடமாடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்ததால் கோடு கோடாக எதுவும் படியவில்லை. எல்லாம் பிசைந்த மாவு.

மேலே வர வர வளைகள் சிறுக்கின்றன. அப்புறம் ஓர் இடத்தில் நின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் நான் விரலை வைத்தேன். விரலுக்குக் கீழே பிசைந்த சாம்பல் மண். விரலுக்கு மேலே மயிரிழை மாதிரி கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வெளிர், அடர், வெளிர், அடர் என்று. பழைய கணக்கு நோட்டை மூடி வைத்து அதன் விளிம்பைப் பார்ப்பது போல. கிளறுவதற்கு யாருமே இல்லாத தரையில்தான் வண்டல் அப்படிப் படியும். அந்த ஏடுகளில் ஒரு மில்லிமீட்டர் என்பது சில பத்தாண்டுகளிலிருந்து நூறாண்டு வரை இருக்கலாம். ஒரு மில்லிமீட்டருக்குள் தாத்தாவும் பேரனும் பிறந்து இறந்துவிடும் கால அளவு. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. என்னால் விரலை எடுக்க முடியவில்லை.

கத்தியை ஓர் ஏட்டின் விளிம்பில் வைத்து நெம்பினால், மெல்லிய பலகையாகப் பெயர்ந்து வரும். பெயர்ந்த கணத்தில் மண்ணெண்ணெய் வாசம். அடுப்புத் திரியில் கசியுமே, அந்த வாசமேதான். பிரிந்த தளத்தில் அம்மோனைட்டுகள் காகிதக் கனத்துக்கு நசுங்கி, தங்க முலாம் பூசியதுபோல மின்னும். தங்கம் இல்லை, பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. நசுங்காத அம்மோனைட் வேண்டுமானால் உருண்டைக் கற்களை உடைக்க வேண்டும். அந்த உருண்டைகளுக்கு அந்த ஊர்க்காரர்களும் பழைய சுரங்கக்காரர்களும் வைத்த பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அடியில் பீரங்கிக் குண்டுகள். அதற்கு மேல் பல மீட்டர் அகலத்தில் திமிங்கலக் கற்கள். இன்னும் மேலே திரிகைக் கற்கள். எங்கள் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்தப் பெயர்களையேதான் எழுதுகிறோம். ஒரு முறை ஒரு குண்டை உடைத்தபோது அம்மோனைட்டின் அறைகளுக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்தது. பாட்டில் மூடிக்குக்கூடக் காணாது. ஆனால் திரவமாகவே இருந்தது.

கடலுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் தெற்கே, இன்றைய தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும், பூமி பிளந்து எரிமலைக் குழம்பு மாபெரும் அளவில் கொட்டியது. கரூ-ஃபெரார் என்று அதற்குப் பெயர். கார்பன் டை ஆக்சைடு ஏறியது, உலகம் பல டிகிரி சூடானது. மழை கூடியது, நிலத்துப் பாறைகள் வேகமாகக் கரைந்து ஊட்டச்சத்து கடலுக்குப் போனது. மேல்நீரில் மிதவை உயிர்கள் பெருகின. அவை செத்து விழுந்து மக்கும்போது அடிநீரின் ஆக்சிஜனைத் தின்றன. சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மேல்நீர் லேசாகவும் அடிநீர் கனமாகவும் பிரிந்து நின்றதால் மேலே இருந்த காற்றும் கீழே இறங்கவில்லை. இப்படிப்பட்ட காலங்களுக்குக் கடல் ஆக்சிஜனற்ற நிகழ்வு என்ற பெயரை 1976இல் ஷ்லாங்கர், ஜென்கின்ஸ் என்ற இருவர் வைத்தார்கள்.

அப்போது நம் நிலம் எங்கே இருந்தது தெரியுமா? கோண்டுவானா என்ற பழைய தென்கண்டத்தில், அண்டார்டிகாவை ஒட்டி. எங்கள் பக்கத்துக் காரை ஊரின் ஓடைகளில் நாம் பொறுக்குகிற அம்மோனைட்டெல்லாம் அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியவை. குழம்பு கொட்டிய பக்கத்தில் நாம் இருந்தோம், மூச்சு முட்டிய கடல் விட்பி பக்கத்தில் இருந்தது. இதை நினைத்துக்கொண்டு அந்தக் குன்றின் முன் நிற்கும்போது ஏதோ வீட்டுக் கணக்கு ஒன்றைத் தீர்க்க வந்தவள் போல உணர்ந்திருக்கிறேன்.

கரிமத்தின் லேசான, கனமான வகைகளான ஐசோடோப்புகளை எடுத்து அளந்தால், லேசான கரிமம் திடீரென்று பெருகிய தடம் அந்த ஏடுகளில் இருக்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு யார்க்‌ஷயரின் இதே பாறைகளை மிக நெருக்கமாக வெட்டியெடுத்து, அந்தப் பெருக்கம் ஒரே சீராக வரவில்லை, மூன்று எகிறல்களாக வந்தது என்று காட்டியது. கடலடியில் உறைந்திருந்த மீத்தேன் வெளியேறியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இதில் இன்னும் சண்டை ஓயவில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், எரிமலைக் குழம்பு வழியில் கிடந்த நிலக்கரியைச் சுட்டதற்கும் பெரிய பங்கு இருக்கிறது என்பேன். ஆனால் என் வேலை அதுவல்ல. நான் தேடியது பைரைட்டை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஷேலைப் பார்த்த முதல் நாளை மறக்க மாட்டேன். சாம்பல் நிறக் களிமண் தகடுகளுக்கு நடுவில் பளிச்சென்று உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையும் நூற்றுக்கணக்கான பைரைட் படிகங்கள் ஒட்டிச் சேர்ந்தது. பூந்தி லட்டு. வேறு உவமையே தோன்றவில்லை. என் தலைமுடியின் குறுக்கே இதைப் பத்துப் பன்னிரண்டு வரிசையாக வைக்கலாம், அத்தனை சின்னது.

அந்த லட்டின் அளவில்தான் சேதி இருக்கிறது. சேற்றுக்குள்ளேயே உருவாகும் லட்டு நிதானமாக வளரும், பெரிதும் சிறிதுமாக எல்லா அளவிலும் இருக்கும். சேற்றுக்கு மேலே, தண்ணீரிலேயே ஆக்சிஜன் தீர்ந்து சல்ஃபைடு நிரம்பியிருந்தால், லட்டு தண்ணீரில் மிதந்தபடியே உருவாகும். கொஞ்சம் கனம் ஏறியதும் விழுந்துவிடும். அதனால் எல்லாம் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கத்தில், ஒரே சைஸில் இருக்கும். இன்றைக்கும் கருங்கடலில் சுமார் 150 மீட்டருக்குக் கீழே அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு ஏட்டிலும் நூறு லட்டுகளை அளந்து எழுதினேன். கண் எரியும். ஆனால் கிரே ஷேலில் தாறுமாறாக இருந்த எண்கள் மேலே ஏற ஏற ஒடுங்கி, ஜெட் ராக்கில் நாலரை, ஐந்து, நாலே முக்கால் என்று வரிசை கட்டி நின்றதைப் பார்த்தபோது கடலின் மூச்சு அடங்குவதைக் கையால் தொட்டுப் பார்த்தது மாதிரி இருந்தது.

அந்த லட்டுகள்தான் என் 31 பைகளைத் தின்றவை.

நடந்தது இதுதான். கடல்நீரில் நனைந்த கல்லைச் சரியாக உலர்த்தாமல் பையில் போட்டு, வெதுவெதுப்பான அறையில் ஆறு மாதம் வைத்துவிட்டேன். தவறு என்னுடையது. பைரைட் ஈரத்தோடு காற்றைச் சந்தித்தால் கந்தக அமிலமாகும். பெரிய பைரைட் கட்டி மெல்லத்தான் மாறும். நுணுக்கமான லட்டுக்கு மேற்பரப்பு அதிகம், சட்டென்று மாறிவிடும். அந்த அமிலம் சீட்டைத் தின்றது, பக்கத்திலிருந்த களிமண்ணைத் தின்றது, அதிலிருந்து அலுமினியத்தைப் பிரித்து சல்ஃபேட்டாக்கியது. வெள்ளையாகப் பூத்திருந்தது அதெல்லாம்தான்.

பேராசிரியையிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கரையில் இருநூற்றைம்பது வருடம் இதைத்தான் தொழிலாகச் செய்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். விட்பிக்கு அருகே அந்தத் தொழில் நடந்த சால்ட்விக்குக்கும் கெட்டில்னெஸ்ஸுக்கும் அதற்குப் பிறகுதான் அந்தக் கண்ணோடு போனேன்.

அலும் என்றால் படிகாரம். சலூனில் கத்தி பட்ட கன்னத்தில் தேய்ப்பார்களே, கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, கலங்கல் தண்ணீரில் எங்கள் அப்பாயி சுழற்றிவிட்டுத் தெளியவைப்பாரே, அதே படிகாரம். துணியில் சாயம் ஒட்டவும் தோல் பதனிடவும் ஐரோப்பா முழுக்க அது தேவைப்பட்டது. 1460களுக்குப் பிறகு போப்பாண்டவரின் ஆளுகையில் இருந்த இத்தாலியின் தோல்ஃபா சுரங்கங்கள்தான் பெரும் மூலம். ரோமோடு உறவை முறித்துக்கொண்ட இங்கிலாந்துக்குச் சொந்தப் படிகாரம் தேவையானது. 1600களின் தொடக்கத்தில் யார்க்‌ஷயரின் ஷேலில் அது கிடைக்கும் என்று கண்டார்கள்.

கிடைக்கும் என்றால் சும்மா கிடைக்காது. மலையைக் கொத்தி ஷேலை எடுத்து, விறகுச் சுள்ளிகளைப் பரப்பி அதன்மேல் குவித்துத் தீ வைப்பார்கள். ஷேலிலேயே எண்ணெய்ச் சத்து இருப்பதால் பற்றிக்கொண்டால் தானே எரியும். மேலே மேலே ஷேலைக் கொட்டிக்கொண்டே போவார்கள். குவியல் ஒன்பது மாதம்கூடப் புகையும். சூளை போட்டவர்களுக்கு இது புரியும். எரிந்து செம்மண்ணாய்ச் சிவந்த ஷேலைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தச் சாற்றை வாய்க்கால் வெட்டிக் கரையோரக் காய்ச்சு வீட்டுக்கு இறக்கிக் கொதிக்கவைப்பார்கள். படிகாரமாக உறைய அதில் பொட்டாசியமோ அம்மோனியாவோ சேர வேண்டும். பொட்டாசியத்துக்குக் கடற்பாசியை எரித்த சாம்பல். அம்மோனியாவுக்குப் புளித்த மூத்திரம். லண்டனிலிருந்தும் நியூகாசிலிலிருந்தும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வரும். சாறு பதம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கோழிமுட்டையைப் போடுவார்கள். முட்டை மிதந்தால் பதம். எங்கள் வீட்டில் ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் கரைக்கும்போது அம்மா இதையேதான் செய்வார்.

ஒரு டன் படிகாரத்துக்குப் பல பத்து டன் ஷேல். அதனால்தான் அந்தக் கரையில் முழு முழு மலைமுனைகள் காணாமல் போயிருக்கின்றன. கெட்டில்னெஸ்ஸில் நின்றால் தரை சந்திரனில் நிற்பது போல இருக்கும். எரிந்த சிவப்புக் குவியல்கள், புல் முளைக்காத கறுப்புச் சரிவுகள். 1829 டிசம்பரில் ஓர் இரவு கெட்டில்னெஸ் ஊரே வேலைத்தளத்தோடு சேர்ந்து கடலுக்குள் சரிந்தது. சரிவு மெதுவாக நடந்ததால் மக்கள் தப்பிக் கரைக்கருகே நின்ற படிகாரக் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக அந்தப் புகையில் வேலை செய்தார்கள், வேதியியல் அறிந்தவர்கள் காரணத்தை விளக்குவதற்கு வெகுகாலம் முன்னாலேயே பதம் தெரிந்து காய்ச்சினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. மலிவான வழியில் படிகாரம் செய்யத் தெரிந்ததும் இந்தத் தொழில் தேய்ந்து, 1871இல் முடிந்தது.

அவர்கள் நெருப்பு வைத்து ஒன்பது மாதத்தில் செய்ததை என் பெட்டி ஈரத்தை வைத்து ஆறு மாதத்தில் செய்திருந்தது. இரண்டிலும் காரியம் ஒன்றுதான். 18 கோடி ஆண்டாகக் காற்றுக்குக் கணக்குத் தீர்க்காமல் இருந்த சேறு, காற்றைப் பார்த்ததும் தீர்க்கத் தொடங்கியது. என் ஏரிச்சேறு வரப்பில் வெளுத்ததும் அதுவேதான். நான் அதுவரை ஷேலை முடிந்துபோன ஒன்றாக, படித்துவிட்டு வைக்கிற ஏடாக நினைத்திருந்தேன். அது அரைகுறையாய் நிறுத்திவைக்கப்பட்ட ஓர் அழுகல். தொடர்வதற்கு மூச்சு மட்டும்தான் பாக்கி.

பிப்ரவரியில் மறுபடி போய் அந்த 31 இடங்களிலும் வெட்டினேன். காற்று காதை அறுத்தது, நாளுக்கு ஏழெட்டுப் பைக்கு மேல் முடியவில்லை. இந்த முறை வெட்டிய இடத்திலேயே துடைத்து, அலுமினியத் தாளில் சுற்றி, காற்றை உறிஞ்சி ஒட்டி, ஊர் திரும்பியதும் ஃப்ரீசரில் வைத்தேன். கெட்டுப்போன 31 பைகளையும் நான் எறியவில்லை.

விட்பியில் வேறு பல இருக்கின்றன, எல்லாவற்றையும் எழுத இடமில்லை. பிளாசிப் போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1758 ஜனவரியில், இதே அலும் ஷேலில் ஒரு முதலையின் எலும்புக்கூடு கிடைத்து, சாப்மன், வூலர் என்ற இருவர் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார்கள். ஜெட் என்ற கறுமணி தனிக் கதை. ஆரோகேரியா வகை மரம் கடலில் விழுந்து, ஊறி, மூழ்கி, அந்தக் காற்றில்லாச் சேற்றில் அழுந்திக் கறுமணியாகியிருக்கிறது. 1861இல் கணவர் இறந்த பிறகு விக்டோரியா ராணி துக்கத்துக்கு ஜெட் அணிய, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊரில் அதைப் பட்டை தீட்டிப் பிழைத்தார்கள். எங்கள் பக்கத்துச் சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட கல்மரமும் ஊசியிலை வகைதான், 18 மீட்டர் நீளம். அங்கே மரத்துக்குள் சிலிக்கா புகுந்து மரம் கல்லானது. இங்கே எதுவும் புகாமல் மரம் மரத்திலேயே இறுகியது. ஜெட்டைக் கையில் வைத்தால் கல்லின் குளிர்ச்சி இருக்காது.

அம்மோனைட்டுகளை அந்த ஊரில் பாம்புக்கல் என்பார்கள். 657இல் அங்கே மடம் நிறுவிய புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது நம்பிக்கை. ஓர் அம்மோனைட் பேரினத்துக்கே ஹில்டோசெரஸ் என்று அவர் பெயர். நமக்கோ அது சாளக்கிராமம், திருமாலின் சக்கரம். ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமத்தில், நேபாளத்தின் கண்டகி ஆற்றில் உருண்டு வருகிற அந்தக் கற்களும் ஜுராசிக் காலக் கறுப்பு ஷேலிலிருந்துதான் கழன்று வருகின்றன. ஹில்டாவின் மடத்துக்கு ஏறும் 199 படிகளில் உட்கார்ந்து இதை ஒரு நாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். “அப்ப காலைக் கழட்டிட்டு ஏறு” என்றார். செருப்பைச் சொன்னார். கழற்றினேன்.

ஊருக்கு வந்தபோது அலையடித்துக் கரையில் கிடந்த ஒரு கைத்துண்டு ஷேலைக் கொண்டுவந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து முகச்சவரம் முடித்திருந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் படிகாரக் கட்டி. கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், நகத்தால் விளிம்பைக் கீறினார், மூக்கருகே கொண்டுபோனார்.

“மண்ணெண்ணெ வாட வருதே பாப்பா.”

“ஆமாப்பா. ரொம்பப் பழைய மண்ணெண்ணெ.”

அலமாரியில் நத்தைக்கல் பக்கத்தில் வைக்கப் போனார். காற்றுப் பட்டால் கெடும், வெளியே வைக்காதீர்கள் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். எழுந்துபோய்ப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கல்லை உள்ளே போட்டு, மூடியைச் சுற்றி லாரி டியூப் ரப்பரை இறுக்கிக் கட்டினார்.

போன பொங்கலுக்குப் போனபோது பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் வெடித்திருந்தது. கல்லின் ஒரு முனையில் மட்டும் அரிசிமாவைத் தொட்டு வைத்தது போல வெள்ளை பூத்திருந்தது. அப்பா மூடியைத் திறந்து, ஆள்காட்டி விரலால் அதை லேசாகத் தொட்டு, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

“துவர்க்குது” என்றார். கிண்ணத்துப் படிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.